வாளியைக் கவிழ்த்து வையுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளைப் பற்றியவை. அதனால் இந்த இதழை அவர்களுக்கே கொடுத்துவிட்டேன். அம்பாசமுத்திரம் பக்கத்தில் 31 வருஷமாகக் குழந்தைகளைப் பார்த்துவருகிறேன். முதல் 22 வருஷம் அரசு மருத்துவமனையில், அப்புறம் என் வீட்டு முன்னறையில். இந்த வயதுப் பிள்ளைகள் வந்தால்தான் எனக்குச் சந்தோஷமும் அதிகம், பயமும் அதிகம். கால் வந்துவிட்டது, பயம் என்றால் என்னவென்று இன்னும் தெரியாது. கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை எடுத்துவிட்டுத் தந்திருக்கிறேன்.

“என் மகனுக்கு 17 மாதம். பிறந்தபோது 2.8 கிலோ, இப்போது 9.4 கிலோ. இரண்டு வாய்க்கு மேல் சோறு வாங்க மாட்டேன் என்கிறான். பால் மட்டும் ஐந்து தடவை குடிப்பான். பக்கத்து வீட்டுப் பையன் இதே வயதில் 12 கிலோ இருக்கிறான். தொக்கம் விழுந்திருக்கிறது, சாப்பிட்டது ஏதோ வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எடுத்தால் சரியாகிவிடும் என்று மாமியார் சொல்கிறார். நான் சரியாகக் கவனிக்கவில்லை என்றும் சொல்கிறார்.” – ஒரு தாய், தென்காசி

தங்கச்சி, முதலில் எடையைப் பேசிவிடுவோம். 17 மாத ஆண் பிள்ளைகளின் நடு எடை 10.7 கிலோ. 8.6 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்போம். உங்கள் மகன் 9.4. கொஞ்சம் ஒல்லி, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பையனின் அப்பா அம்மா வேறு, பிறந்த எடை வேறு. அவனோடு ஒப்பிட்டு நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு வயது முடிந்ததும் பிள்ளைகளின் பசி குறையும். இதை யாரும் தாய்மார்களிடம் முன்கூட்டியே சொல்வதில்லை. முதல் வருஷத்தில் பிறந்த எடையைப் போல மூன்று மடங்கு ஆன பிள்ளை, இரண்டாவது வருஷம் முழுக்கச் சேர்த்து இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளர்கிற வேகம் குறையும்போது பசியும் குறைவதுதானே இயல்பு.

ஆனால் அந்த ஐந்து தடவைப் பாலை நான் விடப் போவதில்லை. ஒரு தடவைக்கு 150 மில்லி என்று வைத்தாலும் 750 மில்லி ஆகிறது. சர்க்கரையோடு சேர்த்து ஏறக்குறைய 500 கலோரி. உங்கள் மகனுக்கு ஒரு நாள் முழுக்கத் தேவைப்படுவதே 800, 900 கலோரிதான். பாதிக்கு மேல் பாலிலேயே நிறைந்துவிட்ட வயிறு சோற்றுக்கு எப்படிப் பசிக்கும்? அது மட்டுமில்லை, மாட்டுப்பாலில் இரும்புச்சத்து மிகமிகக் குறைவு. மற்ற உணவில் இருக்கிற இரும்பையும் அது உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். பால் மட்டுமே குடித்து வெளுத்துப்போய் வரும் பிள்ளைகளை நான் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்க்கிறேன். இரும்பு குறைந்தால் பசி இன்னும் மந்தமாகும். பசி இல்லையே என்று தாய் இன்னொரு டம்ளர் பால் கொடுப்பாள். இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆகவே பாலை நாளைக்கு 400 மில்லிக்குள் கொண்டுவாருங்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பாட்டிலை எடுத்துவிட்டு டம்ளரில் கொடுங்கள். (தாய்ப்பால் இன்னும் கொடுக்கிறீர்கள் என்றால் அதை நிறுத்த வேண்டாம், இரண்டு வயதுக்கு மேலும் தாராளமாகக் கொடுக்கலாம்.) மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு வேளை ஏதாவது சின்னதாக. நீங்கள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார வைத்து, அவனுக்கென்று ஒரு சின்னத் தட்டு வையுங்கள். இட்லியைப் பிய்த்துப் போட்டால் பாதியைத் தரையில் இறைப்பான், இறைக்கட்டும். பருப்புச் சோற்றில் நெய் ஒரு கரண்டி, முருங்கைக்கீரை மசித்துச் சேர்த்தால் எலுமிச்சை இரண்டு சொட்டு, அது இரும்பைச் சேர்க்க உதவும். முட்டை, ஆட்டு ஈரல், கேழ்வரகுக் கூழ், அங்கன்வாடியில் தரும் சத்துமாவு எல்லாம் நல்லது. 20 நிமிஷத்தில் சாப்பிடாவிட்டால் தட்டை எடுத்துவிடுங்கள். மூக்கைப் பிடித்து ஊட்டுவது, படுக்கப் போட்டுப் புகட்டுவது மட்டும் கூடவே கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். பிள்ளை வாயை இறுக்க மூடினால் “போதும்” என்கிறது. அந்தப் பேச்சை மதித்தால்தான் அடுத்த வேளைக்கு வாயைத் திறக்கும்.

சரி, தொக்கம். எங்கள் ஊர்ப் பக்கம் இதைச் சொல்லாத வீடே கிடையாது. வயிற்றைத் தடவி, தொண்டையில் விரல் விட்டோ ஊதியோ, சோற்றுப் பருக்கை, முடி என்று எதையாவது எடுத்துக் காட்டுவார்கள். சாப்பிட்ட சோறு மூன்று நான்கு மணி நேரத்தில் இரைப்பையைத் தாண்டிவிடும். வாரக்கணக்கில் அங்கே ஒட்டிக்கொண்டு கிடப்பதில்லை. தொண்டையில் விரல் விட்டதில் உள்நாக்கு அருகே கிழிந்து, எச்சிலோடு ரத்தம் வந்த ஒரு பத்து மாதப் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் அந்தப் பிள்ளை பால்கூட விழுங்கவில்லை. உங்கள் மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். “டாக்டர் ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார், அதைப் பார்த்துவிட்டு யோசிப்போம் அத்தை” என்று சொல்லுங்கள். உண்மையாகவே ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். மண், சுவர்ச் சுண்ணாம்பு, சிலேட்டுக் குச்சி தின்கிறான் என்றால் கட்டாயம் பாருங்கள். கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் இரும்புச்சத்து சிரப் இலவசமாகக் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு மில்லி. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை தருவார்கள். இரண்டு வயது வரை அரை மாத்திரை, பொடித்துத் தண்ணீரில் கலந்துதான் தர வேண்டும்.

நீங்கள் கவனிக்காததால் அவன் ஒல்லியாக இல்லை, தங்கச்சி. எடையை கிராம் கணக்கில் எழுதி அனுப்பியிருக்கிற தாய் கவனிக்காதவளா?

“நான் நாலு பிள்ளை பெற்று வளர்த்தவள். பேத்திக்கு 14 மாதம். சளி பிடித்தால் தேங்காய் எண்ணெயில் சூடம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது எங்கள் வழக்கம். மருமகள் அதைச் செய்யக் கூடாது என்கிறாள். இருமல் மருந்தும் வாங்கித் தர மாட்டேன் என்கிறாள். பிள்ளை இருமிக்கொண்டே கிடக்கிறது.” – ஒரு பாட்டி, கோவில்பட்டி

அக்கா, நீங்கள் பேத்திமேல் வைத்திருக்கிற பிரியம் கடிதத்தில் தெரிகிறது. நான் சொல்வதை அந்தப் பிரியத்தோடு கேளுங்கள். சூடம் வேண்டாம்.

ஒரு வெள்ளிக்கிழமைச் சாயங்காலம். நான் அப்போது அரசு மருத்துவமனையில் இரவுப் பணிக்கு வந்திருந்தேன். ஒன்றரை வயதுப் பெண் பிள்ளையை அப்பா தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். பிள்ளைக்கு வலிப்பு. கண் மேலே செருகி, கையும் காலும் இழுத்துக்கொண்டிருந்தது. உடம்பைத் தொட்டால் காய்ச்சல் இல்லை. முகத்துக்கு அருகே குனிந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, வாயிலிருந்து கோயில் வாசனை. பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் சூட டப்பா இருந்திருக்கிறது. வெள்ளை வெள்ளையாக, கற்கண்டு மாதிரி. விளக்கேற்றிவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கப் போன நேரத்தில் இரண்டு வில்லையை வாயில் போட்டிருக்கிறது. வலிப்பை நிறுத்த எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிழைத்துக்கொண்டாள். இப்போது அவளுக்குக் கல்யாணமாகி, தன் பிள்ளையை என்னிடம்தான் தூக்கி வருகிறாள்.

அந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு கிராம் சூடம்கூட உயிரைக் குடிக்கலாம். தின்ற ஐந்து பத்து நிமிஷத்திலேயே வலிப்பு வரலாம். தோலில் தேய்த்தாலும் உள்ளே போகும். பிள்ளைத் தோல் மெல்லியது, எண்ணெயில் கரைந்தது இன்னும் சுலபமாக இறங்கும். அதனால்தான் நெஞ்சில் தேய்க்கும் தைலங்களையும் இரண்டு வயதுக்குக் கீழே நான் அனுமதிப்பதில்லை. உங்கள் நாலு பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்கும் சந்தோஷம். ஐந்தாவது பிள்ளைக்கு ஆகாது என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. சூட டப்பாவை இன்றைக்கே மேல் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். பீரோவில் இருக்கிற அந்துருண்டை, கொசுவிரட்டித் திரவம், கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய், ஆசிட், எல்லாவற்றையும் அதோடு சேர்த்து ஏற்றிவிடுங்கள். ஒருவேளை பிள்ளை எதையாவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் வாந்தியில் திரும்பி வரும்போதுதான் நுரையீரலுக்குள் போகிறது. 108-ஐக் கூப்பிடுங்கள், குடித்த பாட்டிலைக் கையோடு கொண்டு போங்கள்.

இருமல் மருந்து விஷயத்தில் உங்கள் மருமகள் சொல்வது முழுக்கச் சரி. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் சிரப் குடித்த பிள்ளைகள் 20 பேருக்கு மேல் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். டை எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு அந்த மருந்தில் கலந்திருந்தது. அதைத் தயாரித்த ஆலை நம் மாநிலத்தில் இருந்தது. அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. நஞ்சு கலக்காத நல்ல மருந்தாகவே இருந்தாலும், இந்த வயதில் சளி இருமல் மருந்தால் பலன் கிடையாது, கெடுதல் உண்டு. இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறையும் சொல்லியிருக்கிறது.

அப்புறம் என்னதான் செய்வது என்பீர்கள். மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் முன்னால் இரண்டு சொட்டு. வெதுவெதுப்பாகக் குடிக்கக் கொடுங்கள். பேத்திக்கு ஒரு வயது தாண்டிவிட்டதால் ராத்திரி அரை ஸ்பூன் தேன் தரலாம். ஒரு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாள் இருக்கும், தானாகப் போகும்.

போகாத சளியைக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். பேத்தி தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிஷம் வயிறு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். 40-உம் அதற்கு மேலும் இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், தண்ணீர் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தால் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போங்கள். நாலு பிள்ளை வளர்த்த கண்ணுக்கு இது ஒரு நாளில் பழகிவிடும்.

“மகனுக்கு 10 மாதம். என் தம்பி நடைவண்டி மாதிரி சக்கரம் வைத்த வாக்கர் வாங்கி வந்திருக்கிறான். உட்கார வைக்கலாமா?” – ஒரு தாய், விருதுநகர்

வேண்டாம். அதில் உட்கார்ந்த பிள்ளை விரல்நுனியால் உந்திப் பழகும், நடை சீக்கிரம் வராது. படியில் உருளும், அடுப்பருகே நொடியில் போய் நிற்கும். கனடாவில் 2004-இலிருந்து விற்கவே தடை. பிள்ளை நின்று பிடித்துத் தள்ளுகிற பழைய மர நடைவண்டி வேறு, அது பெரியவர் பக்கத்தில் இருந்தால் நல்லதுதான்.

“மகளுக்கு 20 மாதம். நானும் மனைவியும் பனியன் கம்பெனியில் வேலை. அம்மா பார்த்துக்கொள்கிறார். சாப்பாடு ஊட்ட போன் கொடுப்போம், இல்லாவிட்டால் வாயைத் திறக்க மாட்டாள். இன்னும் ‘அம்மா’, ‘பா’ தவிரப் பேச்சில்லை. லேட்டாகப் பேசும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?” – ஒரு தந்தை, திருப்பூர்

தம்பி, காத்திருக்க வேண்டாம். பயப்படவும் வேண்டாம். நீங்கள் நேரில் வந்திருந்தால் நான் கேட்டிருக்கும் கேள்விகளை இங்கேயே கேட்கிறேன். பின்னால் நின்று, முகம் காட்டாமல், மெதுவாகப் பெயரைச் சொன்னால் திரும்புகிறாளா? வேண்டியதை ஆள்காட்டி விரல் நீட்டிக் காட்டுகிறாளா, உங்கள் கையை இழுத்துக்கொண்டு போகிறாளா? காக்காயைப் பார்த்தால் “பார்” என்பது போல உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாளா? “செருப்பை எடுத்துவா” என்றால் புரிகிறதா? முன்பு பேசிய சொல் எதையாவது மறந்துவிட்டாளா?

ஒன்றரை வயதில் ஆறிலிருந்து பத்துச் சொல், இரண்டு வயதில் “அம்மா வா”, “பால் தா” என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசுவது, இதுதான் நாங்கள் எதிர்பார்ப்பது. விரல் நீட்டிக் காட்டி, சொன்னதைப் புரிந்துகொண்டு, முகம் பார்த்துச் சிரிக்கிற பிள்ளை பெரும்பாலும் பேசிவிடும். அதெல்லாம் இல்லை, அல்லது வந்த பேச்சு போய்விட்டது என்றால் ஒரு நாளும் தள்ளக் கூடாது.

எப்படியானாலும் முதலில் காது. கேட்காத பிள்ளைக்குப் பேச்சு வராது. டம்ளரைத் தட்டினால் திரும்புகிறாள் என்பது போதாது. பாதி கேட்கும் காதும் அதற்குத் திரும்பும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில், பிள்ளைகளின் வளர்ச்சித் தாமதத்தை ஆரம்பத்திலேயே பார்ப்பதற்கென்று தனி மையம் இருக்கிறது. காது, பேச்சு, நடை எல்லாவற்றையும் காசில்லாமல் பார்ப்பார்கள். சென்னைக்கு வர முடிந்தவர்களுக்கு முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. காது கேட்கவில்லை என்று தெரிந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே காக்ளியர் கருவி (உள்காதில் அறுவை செய்து வைப்பது) பொருத்துகிறார்கள். ஆனால் அது சின்ன வயதிலேயே நடந்தாக வேண்டும். “ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்போம்” என்ற ஒரு வார்த்தையால் எத்தனையோ பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டிவிட்டார்கள்.

போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்றுதான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-இலேயே சொன்னது. அதை உங்கள் அம்மாவிடம் குற்றச்சாட்டாகச் சொல்லாதீர்கள். அந்த வயதில் ஒரு பிள்ளையை நாள் முழுக்கத் துரத்துவது லேசான வேலையா? போன் பிள்ளையிடம் பேசும், பிள்ளையின் பதிலுக்குக் காத்திருக்காது. பேச்சு வளர்வது அந்தக் காத்திருப்பில்தான். “இது என்ன?” என்று கேட்டுவிட்டு, மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அவள் ஏதாவது சத்தம் போட்டால் அதையே சொல்லாக்கித் திருப்பிக் கொடுங்கள். “ப்பா” என்றால் “ஆமா, பால்! வெள்ளைப் பால்.” உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, கைமேல் நண்டு ஊர வைத்துக் கிச்சுகிச்சு மூட்டுகிற நம் விளையாட்டை அம்மாவை ஆடச் சொல்லுங்கள். அடுத்து என்ன வரும் என்று பிள்ளை அவர் முகத்தையே பார்த்துக் காத்திருக்கும். இதைவிடப் பெரிய பேச்சுப் பயிற்சி எனக்குத் தெரியாது. போனை எடுத்த முதல் மூன்று நாள் அழுது சாப்பிடாமல் அடம் பிடிப்பாள். நான்காம் நாள் பசி ஜெயித்துவிடும். வேலை முடிந்து நீங்கள் இருவரும் வீட்டுக்கு வந்ததும் முதல் அரை மணி நேரம் அவளோடு தரையில் உட்காருங்கள்.

“22 மாத மகனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. இரண்டு நிமிஷம்தான். பக்கத்து வீட்டார் கையில் இரும்புச் சாவி கொடுத்தார்கள், வாயில் ஸ்பூன் வைத்தார்கள். மறுபடியும் வருமா?” – ஒரு தாய், நாகர்கோவில்

வரலாம். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை காய்ச்சல் திடீரென்று ஏறும்போது சில பிள்ளைகளுக்கு இப்படி வரும். மூன்றில் ஒரு பிள்ளைக்காவது அடுத்த காய்ச்சலிலோ பிறகோ மறுபடி வரும். பார்க்கச் சகிக்காது, ஆனால் சில நிமிஷத்தில் நிற்கிற இந்த வலிப்பு மூளையைக் கெடுப்பதில்லை. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். வாயில் ஸ்பூனும் விரலும் தண்ணீரும் வேண்டாம். பல் உடைந்து மூச்சுக்குழாயில் போனதைப் பார்த்திருக்கிறேன். சாவியால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால், அல்லது நின்று மறுபடி வந்தால் 108. முதல் தடவை வந்தது என்பதால் நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும். இதுவரை காட்டவில்லை என்றால் இந்த வாரமே காட்டுங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது காய்ச்சல் மருந்தின் அளவு. என் மேஜைமேல் இரண்டு பாராசிட்டமால் பாட்டில்கள் எப்போதும் இருக்கும், தாய்மாருக்குக் காட்டுவதற்காக. சொட்டு மருந்து பாட்டிலில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் ஒருவகை ஐந்து மில்லிக்கு 120, இன்னொருவகை ஐந்து மில்லிக்கு 250. 10 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு வேண்டியது 150 மில்லிகிராம். அதாவது 120 சிரப் என்றால் ஆறு மில்லி, 250 என்றால் மூன்று மில்லி, சொட்டு மருந்தென்றால் ஒன்றரை மில்லி. போன தடவை ஆறு மில்லி கொடுத்தோமே என்று இந்தத் தடவை சொட்டு மருந்தில் ஆறு மில்லி கொடுத்தால் நான்கு மடங்கு போய்விடும். ஈரல் தாங்காது. பாட்டிலின் பெயரைப் பார்க்காமல், அதில் எத்தனை மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும். டெங்குக் காலத்தில் வேறு காய்ச்சல் மருந்து எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

“வாடகை வீடு, ஒரு அறை, ஒரு அடுப்படி. மகள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணிமைக்கும் நேரத்தில் எங்கேயாவது போய்விடுகிறாள். கவனமாகப் பார்த்துக்கொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எத்தனை நேரம் பார்ப்பேன்?” – ஒரு தாய், சங்கரன்கோவில்

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த இதழ் முழுக்க எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஐப்பசி மாதம். 15 மாதப் பையன். மழை தூறியதும் கொடியில் காய்ந்த துணியை எடுக்க அம்மா மாடிக்குப் போயிருக்கிறாள். குளியலறையில் அரை வாளி தண்ணீர். இந்த வயதில் தலை கனம் அதிகம், உடம்பு லேசு. எட்டிப் பார்த்துக் குப்புற விழுந்தால் திரும்பி எழக் கைக்கு வலு இருக்காது. சத்தமும் வராது. எங்களால் முடியவில்லை. வராந்தாவில் உறவுக்காரர்கள் அந்தப் பெண்ணைச் சுற்றி நின்று “எங்கே போனாய், என்ன பண்ணிக்கொண்டிருந்தாய்” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் கையில் ஒரு சின்னச் சட்டை இருந்தது, கொடியிலிருந்து எடுத்தது. மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து “கவனமாகப் பார்த்துக்கொள்” என்று எந்தத் தாயிடமும் நான் சொல்வதில்லை. எந்தக் கண்ணும் நாள் முழுக்க விழித்திருக்க முடியாது. நான் சொல்வது, வாளியைக் கவிழ்த்து வையுங்கள் என்பதுதான். தண்ணீர் பிடித்து வைக்கிற ஊரில் இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் மூடி போட்ட டிரம், அதன்மேல் கனமான கல். குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம் மேலே ஒரு கொக்கி, 30, 40 ரூபாய் ஆகும். தரைத்தொட்டி மூடி பூட்டியிருக்கிறதா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

அப்புறம் ஒரு தடவை தரையில் உட்கார்ந்து, மகளின் கண் உயரத்திலிருந்து அறையைச் சுற்றிப் பாருங்கள். நின்றால் தெரியாதது எல்லாம் தெரியும். கட்டிலுக்கடியில் ஒரு நிலக்கடலை. இந்த வயதில் கடலை, பட்டாணி, பொட்டுக்கடலை, சீதாப்பழக் கொட்டை, புளியங்கொட்டை எல்லாம் மூச்சுக்குழாய்க்குள் போகிற அளவு. நான்கு வயது வரை முழுக்கடலை வேண்டாம், பொடித்துக் கொடுங்கள். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று புரையேறி இருமி, அப்புறம் சரியாகி, வாரக்கணக்கில் இருமல் நிற்காவிட்டால் கடலையைச் சந்தேகப்படுங்கள். டாக்டரிடம் அந்தப் புரையேறியதைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கிற வட்டப் பேட்டரியை விழுங்கிவிட்டாள் என்று சந்தேகம் வந்தாலே போதும், ஓட வேண்டும். உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்தில் சுட்டுப் புண்ணாக்கிவிடும்.

ரசம், சாம்பார், வடித்த கஞ்சி, எதையும் இறக்கித் தரையில் வைக்காதீர்கள். ஒற்றை அடுப்படியில் வேறு எங்கே வைப்பது என்றால், சுவரோரம் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வையுங்கள். சுட்டுவிட்டால் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீர். பற்பசை, மை, மாவு, முட்டை எதுவும் போட வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் மகள் விழுவாள், முட்டி சிராய்க்கும். அது இருக்கட்டும்.

“மகனுக்கு 16 மாதத்தில் போட வேண்டிய ஊசி விட்டுப்போயிற்று. இப்போது 23 மாதம். முதலிலிருந்து போட வேண்டுமா?” – ஒரு தாய், ராஜபாளையம்

வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும். தட்டம்மை–ரூபெல்லா இரண்டாவது ஊசி, முத்தடுப்பு ஊக்க ஊசி, போலியோ சொட்டு மருந்து, இரண்டு லட்சம் யூனிட் வைட்டமின் ஏ திரவம், பெரும்பாலும் இவைதான் விட்டுப்போயிருக்கும். லேசான சளி இருந்தாலும் போடலாம். துணை சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போடுவார்கள். அட்டை தொலைந்திருந்தாலும் போங்கள், செவிலியரின் பதிவேட்டில் உங்கள் மகன் பெயர் இருக்கும்.